ஆட்டோவா, கை வேலையா? போட்டோ எடிட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ஆல்பம் வேலை பார்த்துக்கொண்டே, ஆர்வமாக வருகிறவர்களுக்கு எடிட்டிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் “லேயர் மாஸ்க் எப்படிப் போடுவது?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது முதல் கேள்வியே “இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டோ பட்டனை ஒரு தட்டு தட்டினால் படம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அப்புறம் எதற்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து கற்க வேண்டும்?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் குடும்பக் குரூப்புக்கும் போகிற படம் என்றால் கற்க வேண்டாம். தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறவனே இதைச் சொல்கிறேன்.

எடுத்த படத்தோடு கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றுகிறவர்களுக்குத்தான் மற்ற பதில்கள். என்னிடம் ஒரே ஒரு அளவுகோல் உண்டு. யார் செய்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும் என்கிற வேலையைக் கருவியிடம் விட்டுவிடுவேன். ஆளுக்கொரு விடை வரக்கூடிய வேலையை நானே செய்வேன். சென்சாரில் ஒட்டிய தூசியை நீக்குவது முதல் வகை. முகத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கட்டும் என்பது இரண்டாவது வகை.

ஆட்டோ பட்டன் உள்ளே என்னதான் செய்கிறது?

பழைய ஆட்டோ வெறும் கணக்கு. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. இருப்பதிலேயே இருட்டான புள்ளியை 0-க்கும், வெளிச்சமான புள்ளியை 255-க்கும் இழுத்துவிட்டு நடுவில் உள்ளதைப் பரப்பிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாக இழுத்தால், படம் முழுக்கப் படிந்திருக்கும் நிறமும் கழன்றுவிடும். வெளுத்துப்போன பழைய கலர் பிரிண்டை ஸ்கேன் செய்தால் இது அருமையாக வேலை செய்யும்.

புதிய ஆட்டோ வேறு ரகம். 2017 கடைசியில் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் வந்த ஆட்டோ, தொழில்முறை எடிட்டர்கள் திருத்திய ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. இப்படி ஒரு படம் வந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகித்து ஸ்லைடர்களை நகர்த்துகிறது. பெரும்பாலான படங்களுக்கு அந்த ஊகம் மோசமில்லை.

இப்போது கார்த்திகை தீபத்தன்று எடுத்த படம் ஒன்றைத் திறந்து ஆட்டோவை அழுத்திப் பாருங்கள். எண்ணெய் விளக்குச் சுடரின் நிற வெப்பநிலை சுமார் 1900 கெல்வின். நடுப்பகல் வெயில் 5500 பக்கம். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இவ்வளவு மஞ்சளைப் பார்த்ததும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ அதைக் குறையென்று எடுத்துக்கொண்டு நீலத்தை ஏற்றும். வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்போஷர் ஆட்டோ நிழலைத் தூக்கும். அகல் வரிசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர், செருப்பு ஸ்டாண்டு, தண்ணீர் கேன் எல்லாம் துல்லியமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஏழு மணி இருட்டில் எடுத்த படம் நாலரை மணிக்கு எடுத்ததாகிவிடும். கருவி கெட்டுப்போகவில்லை, அதன் வேலையைத்தான் செய்தது. அந்த இருட்டு வேண்டுமென்றே விட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கருவியிடம் விடலாம்?

லென்ஸ் வளைவு, ஓர இருட்டு, தூசி, நாய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகள்). லைட்ரூமில் 2023-ல் வந்த ஏஐ டீநாய்ஸ் மாதிரி ஒன்றைக் கையால் யாராலும் செய்ய முடியாது. இருண்ட கோயில் பிராகாரத்தில் ஐஎஸ்ஓ 6400-ல், அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை மிகவும் ஏற்றி, எடுத்த படங்களை அதனிடம் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

கட்டிங்கும் அப்படித்தான். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த பெண்ணைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, பென் டூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இதழாகச் சுற்றி வந்த காலம் ஒன்று இருந்தது. 2021-ல் லைட்ரூமுக்கும் ஆளையும் வானத்தையும் தானே தேர்ந்தெடுக்கும் மாஸ்க் (திருத்தம் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விழச் செய்யும் மறைப்பு) வந்துவிட்டது. பென் டூலில் ஒரு தியான சுகம் இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை. கழுத்து வலிதான் இருந்தது.

எதை விடக்கூடாது?

முகத்தை. குறிப்பாகத் தோல் நிறத்தை.

பியூட்டி மோடு என்று வரும் பெரும்பாலான கருவிகள் சேர்ந்தாற்போல் மூன்று வேலை செய்கின்றன. தோலை வழவழப்பாக்கும், கண்ணைப் பெரிதாக்கும், நிறத்தை வெளுக்கும். மூன்றாவதை நாம் கேட்பதே இல்லை. ஆனாலும் நடந்துவிடுகிறது. மாநிறமான பெண் கைகளில் மாநிறமாகவும் முகத்தில் கோதுமை நிறமாகவும் ஆல்பத்தில் உட்கார்ந்திருப்பாள். முகமும் கழுத்தும் சந்திக்கும் இடத்தில் கோடு போட்டாற்போல் தெரியும். ஊரில் எந்த ஆல்பத்தைப் புரட்டினாலும் இதைப் பார்க்கலாம்.

இந்தக் கோளாறு ஏஐயோடு வந்ததில்லை. ஃபிலிம் காலத்தில் லேபுகள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரி அட்டையை அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். பல வருடங்களுக்கு அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுப்புத் தோல் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே ஃபிலிம் திருந்தியது என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கருந்தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்று ரியல் டோன் என்ற பெயரில் கூகுள் தன் பிக்சல் 6 போனில் தனியாக வேலை செய்தது 2021-ல்தான்.

கையால் செய்யும்போது முகத்தின் வெளிச்சத்தை ஏற்றி, நிறத்தைத் தொடாமல் விடலாம். கறுப்பான முகத்துக்கு வேண்டியது பளபளப்பு. நெற்றி, கன்ன மேடு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் விழும் சின்னச் சின்ன ஒளியை மட்டும் டாட்ஜ் செய்து, அதாவது அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கி, தூக்கினால் முகம் அப்படியே எழுந்து நிற்கும். இதைச் செய்துகாட்டிய பிறகு “இன்னும் கொஞ்சம் கலராக்குங்க தம்பி” என்று கேட்ட வாடிக்கையாளர்கள் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் டச்சப்பே தப்பா?

இல்லை. பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேல் வார்னிஷ் தடவி, கூரான பென்சிலால் புள்ளி வைத்தே சுருக்கங்களைக் குறைத்தார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். அது கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு நுணுக்கமான வேலை.

என் விதி எளிது. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை எடுக்கலாம். மச்சத்தைத் தொடக்கூடாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சம், கல்யாண ஆல்பத்தில் மட்டும் காணாமல் போனால் எப்படி?

கையால் செய்வதில் திருப்தி, திருப்தி என்கிறீர்களே, அது எங்கே வருகிறது?

பொதுவாகச் சொன்னால் புரியாது. ஒரு படத்தைத் திறப்போம்.

மணப்பெண் அரக்குக் கலர் காஞ்சிபுரம் பட்டு கட்டியிருக்கிறார். மண்டபத்தில் எல்இடி வெளிச்சம். திரையில் பார்த்தால் புடவை தகரத்தில் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சிவப்பு. மடிப்பு தெரியவில்லை, ஜரிகை மங்கலாக இருக்கிறது. ஹிஸ்டோகிராமில், அதாவது எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடத்தில், மூன்று நிறத்தையும் பிரித்துப் பாருங்கள். பச்சையும் நீலமும் இடது பக்கம் படுத்திருக்க, சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். 255-ஐத் தொட்ட பிறகு மேடும் ஒரே எண்தான், பள்ளமும் ஒரே எண்தான். இங்கே ஆட்டோ பெரும்பாலும் நிறத்தை இன்னும் ஏற்றி, இருக்கிற கொஞ்சத்தையும் மூடிவிடும்.

ரா கோப்பு (சென்சார் அளந்ததைக் கேமரா அப்படியே சேமித்தது) இருந்தால் கவலை இல்லை. 14 பிட் ரா என்றால் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். திரையில் முட்டி நிற்கும் சிவப்பின் உள்ளே பெரும்பாலும் விவரம் உயிரோடு இருக்கும். முதலில் சிவப்பின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) கொஞ்சம் இறக்க வேண்டும். அப்புறம் அதன் லூமினன்ஸை (வெளிச்ச அளவை) இறக்க வேண்டும். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும், இடுப்புக் கொசுவம் முதலில், தோள் பக்கம் கடைசியில். இதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. பச்சைச் சேனலை, அதாவது பச்சை எவ்வளவு என்பதை மட்டும் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படத்தை, தனியாகத் திறந்து பாருங்கள். சிவப்பில் பச்சை கிடையாது, ஜரிகையின் மஞ்சளில் உண்டு. அதனால் புடவை கன்னங்கரேலென்றும் ஜரிகை வெள்ளையாகவும் தெரியும். முந்தானையில் இருக்கும் மயில், அன்னம், கரையில் இருக்கும் கோபுரம் எல்லாம் வெட்டி ஒட்டினாற்போல் நிற்கும். அதைப் பிரதி எடுத்து மேல் லேயராக (அடுக்காக) வைத்து, வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி மோடில் கொஞ்சமாகக் கலந்து, புடவையில் மட்டும் விழும்படி மாஸ்க் போட்டால் போதும்.

அந்த மயில் எழுந்து வரும் கணத்தில் வரும் சந்தோஷம்தான் நான் சொல்வது. நெசவாளி நாள்கணக்கில் உட்கார்ந்து போட்டது, கல்யாண வீட்டில் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தது, படத்தில் காணாமல் போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று இருக்கும்.

இதில் இன்னொரு லாபம், அடுத்த முகூர்த்தத்தில் தெரியும். அரக்குப் புடவை மேடை ஏறியதுமே கை தானாக எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்புக்கு மேல் இறக்கிவிடும். எடிட்டிங் மேஜையில் சிவப்போடு மல்லுக்கு நின்றவருக்குத்தான் கேமராவில் அது உறைக்கும். ஆட்டோ அந்தச் சிக்கலைச் சுமாராகத் தீர்த்துக்கொடுத்திருந்தால், சிக்கல் இருந்ததே தெரிந்திருக்காது.

பழைய மேதைகள் எல்லாம் எடிட் செய்யாமல்தானே எடுத்தார்கள்?

யார் சொன்னது? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் எர்னான்டஸ் என்ற ஊர் மேல் நிலா எழும் படத்தை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவை அடுத்த பல பத்தாண்டுகள் இருட்டறையில் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானம் சாம்பலாக, மேகம் தெரிய இருக்கும். பிற்காலப் பிரிண்டுகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நடுவில் 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தால் அழுத்தமாக்கினார். போட்டோஷாப்பில் இன்றும் இருக்கும் டாட்ஜ், பர்ன் இரண்டும் அந்த இருட்டறையிலிருந்து வந்தவை. கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டால் வெளிச்சத்தை மறைத்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும், அது டாட்ஜ்; ஓட்டை போட்ட அட்டை வழியாகக் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் கறுக்கும், அது பர்ன்.

தானியங்கி மோகமும் புதிதல்ல. 1888-ல் கோடாக் விற்ற முதல் கேமராவில் 100 படத்துக்கு ஃபிலிம் போட்டே கொடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். பட்டனை நீங்கள் அழுத்துங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் விளம்பரமே. அதனால் கோடிக்கணக்கான பேர் கையில் கேமரா வந்தது. இருட்டறைக்காரர்களும் இருந்தார்கள்.

“நோ எடிட்” என்று போடுகிறார்களே, அது?

டிஜிட்டலில் அப்படி ஒன்று கிடையாது. பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மிச்ச இரண்டு நிறத்தைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. போன் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. 2023-ல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, திரையில் வைத்து, தூரத்திலிருந்து சாம்சங் போனில் எடுத்துப் பார்த்தார். படத்தில் இல்லாத பள்ளங்களையெல்லாம் போன் போட்டுக்கொடுத்தது. நிலாவை அடையாளம் கண்டு விவரத்தை ஏற்றுகிறோம் என்று கம்பெனியும் விளக்கம் சொன்னது.

ஆக, யாரோ எடிட் செய்துவிட்டார்கள். அது நீங்களா, போனை உருவாக்கிய இன்ஜினியரா என்பதுதான் கேள்வி.

பாட்டியின் பழைய போட்டோவைச் சரிசெய்ய ஆப் போதாதா?

கீறல், மடிப்பு, பூஞ்சைக் கறை நீக்கப் போதும். முகத்துக்குப் போதாது.

இந்த ஆப்கள் மங்கலான முகத்தைத் தெளிவாக்குவதில்லை. தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமான கண்ணையும் உதட்டையும் வரைந்து வைக்கின்றன. எங்கள் வீட்டுப் படம் ஒன்றை ஓர் ஆப்பில் போட்டேன். பாட்டி இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பார். ஒரு பக்கக் கல்லைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ஏழு கல் தோடு வழுவழுப்பான பொட்டாகிவிட்டது. கண் என்னவோ பிரமாதமாக இருந்தது. ஆனால் அது வேறு யாரோ ஒரு அம்மாவின் கண். என் அத்தை பார்த்துவிட்டு, “யாருடா இது, நம்ம சொந்தமா?” என்றார்.

செய்ய வேண்டியது இதுதான். 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படம் என்றால் 1200. ஆட்டோ கான்ட்ராஸ்டை அழுத்தி வெளுப்பைப் போக்குங்கள். பின்னணியில் இருக்கும் கீறலையெல்லாம் ஹீலிங் டூலிடம் விட்டுவிடலாம். கண், மூக்கு, உதடு வழியாக ஓடும் கீறலை மட்டும் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, சின்ன பிரஷ்ஷால், பக்கத்து இடத்தைப் பிரதி எடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்பில் நீங்களே மூடுங்கள். முகம் மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும்.

ஆயிரக்கணக்கில் படம் வந்து குவிகிறது. கையால் செய்து கட்டுப்படியாகுமா?

ஆகாது. மொத்தப் படத்துக்கும் ஒரு அடிப்படைத் திருத்தத்தைப் போட்டு, ஒரே வெளிச்சத்தில் எடுத்ததையெல்லாம் சிங்க் செய்துவிடுங்கள். தாலி கட்டு, அம்மா கண் கலங்கும் இடம், ஆல்பத்தில் முழுப் பக்கம் வரும் படங்கள்: கை வேலை அங்கே மட்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்வது பாதி எனக்காகத்தான்.

எதில் தொடங்குவது? செலவு எவ்வளவு?

செலவே இல்லாமல் தொடங்கலாம். கம்ப்யூட்டரில் கிம்ப் இலவசம். 1995-ல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபீ. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்னாப்சீட் போதும். அதிலும் கர்வ்ஸ் (ஒரு கோட்டை வளைத்து இருட்டையும் வெளிச்சத்தையும் மாற்றும் கருவி) உண்டு.

முதலில் கிராப். அடுத்து கர்வ்ஸ் மட்டும், வேறு எதையும் தொடாமல். கறுப்பு-வெள்ளைப் படத்தில் பழகினால் நிறம் கவனத்தைக் கலைக்காது. அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அப்புறம் டாட்ஜ், பர்ன். குளோன் ஸ்டாம்ப் கடைசியில். உட்காருவதற்கு முன் போனிலும் லேப்டாப்பிலும் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், திரை வெளிச்சத்தையும் பாதிக்கு இறக்குங்கள். மஞ்சள் திரையில் நிறம் பார்த்து உழைத்தது எல்லாம் வீண்.

நல்ல பயிற்சி ஒன்று: முதலில் நீங்களாகத் திருத்துங்கள். அப்புறம் அதே படத்தின் பிரதியில் ஆட்டோவை அழுத்திப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டோ உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் அது எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தியது என்று பாருங்கள். லைட்ரூமில் எண்ணோடு காட்டும். இலவச வாத்தியார்.

போட்டிக்கு அனுப்பலாமா?

விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். பத்திரிகைப் படப் போட்டிகள் கடுமையானவை. வேர்ல்டு பிரஸ் போட்டோ 2010-ல் பரிசு பெற்ற ஒரு படத்தைத் தகுதி நீக்கம் செய்தது. பின்னணியில் தெரிந்த ஒருவரின் கால் நுனியை எடிட்டில் அழித்திருந்தார்கள், அவ்வளவுதான். 2015-ல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் இப்படி வெளியேறின. 2023-ல் ஜெர்மனியின் போரிஸ் எல்டாக்சன் ஏஐயால் உருவாக்கிய படத்துக்குச் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் ஒரு பிரிவுப் பரிசு கிடைத்தது. போட்டிகள் இதற்குத் தயாரா என்று பார்க்கவே அனுப்பினேன் என்று சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார்.

ஆட்டோவை அழுத்திவிட்டு, அதன்மேல் கையால் திருத்துவது ஏமாற்று வேலையா?

இல்லவே இல்லை. நானும் பல நாள் அப்படித்தான் செய்கிறேன். அழுத்திவிட்டு, பிடிக்காததைத் திருப்பி வைப்பேன். எது பிடிக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

திருத்திய படத்தை எப்படிச் சேமிப்பது?

மூலப் படத்தின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள். லேயரோடு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், போட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்பில் எக்ஸ்சிஎஃப். பிரிண்டுக்கு டிஃப், அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி அதன்மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். பிரதியை இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்தைத் திறந்தால், திருத்தியதில் பாதியைக் கலைத்துவிட்டு மறுபடி செய்யத் தோன்றும்.